சொன்னதைச் செய்த ரிலே



போன மாதம் என் மகள் வயிற்றுப் பேத்தி பத்து நாள் பயிற்சி ஒன்றுக்குப் போய் வந்தாள். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிக்கல் டிப்ளமோ முடித்தவள். பயிற்சி என்னவென்றால், துணைமின் நிலையங்களில் இருக்கும் பாதுகாப்பு ரிலேக்களுக்கு செட்டிங் வைப்பது, அவை சரியாக வேலை செய்கின்றனவா என்று கையால் சோதித்துப் பார்ப்பது. பணம் நான்தான் கட்டினேன், என் பென்ஷனிலிருந்து. குடும்பக் குழுவில் இதைச் சொன்னதும் கேள்விகள் வந்தன. "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு அத்தை கரண்டு வேலை? பேங்க் பரீட்சைக்குப் படிக்கச் சொல்லலாம்ல?" என்று ஒருவர். "அந்தப் பெட்டியில டெஸ்ட் பண்ண என்ன இருக்கு? கெட்டுப்போனா மாத்திட்டுப் போறாங்க" என்று இன்னொருவர்.

முதல் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்ல 60 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு கதையைச் சொல்ல வேண்டும். நான் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் படித்தவள், மின்சாரம் படித்தவள் இல்லை. பேத்தியை உட்கார வைத்துக் கேட்டும், தேடிப் படித்தும் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் உட்கார்ந்த பொறுமையோடு படியுங்கள்.

முதலில் ரிலே என்றால் என்ன? நம் வீட்டில் அளவுக்கு மீறி கரண்ட் பாய்ந்தால் ஃபியூஸ் கம்பி உருகிப் போகும். அந்தக் கம்பிதான் ஆபத்தை உணர்வதும், துண்டிப்பதும். ஆனால் லட்சக்கணக்கான வோல்ட்டில் போகும் பெரிய லைனை ஒரு கம்பியை நம்பி விட முடியாது. அங்கே வேலையை இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். துண்டிப்பது பிரேக்கர். எப்போது துண்டிக்க வேண்டும் என்று அதற்குச் சொல்வது ரிலே. பிரேக்கர் கை, ரிலே மூளை என்று வைத்துக்கொள்ளுங்கள். லைனில் போகும் கரண்டை அப்படியே ரிலேக்குள் விட முடியாது என்பதால், சி.டி. என்கிற கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர் அதைச் சுருக்கிக் கொடுக்கும். லைனில் 400 ஆம்பியர் போனால் ரிலேக்கு 1 ஆம்பியர், இப்படி.

இந்த மூளையை முதலில் எப்படிச் செய்தார்கள் என்பது எனக்குப் பிடித்த பகுதி. 1904-இல் இங்கிலாந்தில் சார்ல்ஸ் மெர்ஸ், பெர்னார்ட் பிரைஸ் என்ற இருவர் ஒரு முறையைக் கண்டுபிடித்தார்கள். நாம் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போகும்போது பஸ்ஸில் ஏறும்போது தலையை எண்ணுவோம், இறங்கும்போதும் எண்ணுவோம். கணக்கு இடித்தால் நடுவில் ஏதோ நடந்திருக்கிறது. அவர்கள் செய்ததும் அதுதான். ஒரு கருவிக்குள் போகும் கரண்டையும் வெளியே வரும் கரண்டையும் ஒப்பிட்டார்கள். இரண்டும் ஒன்றாக இல்லாவிட்டால் உள்ளே எங்கோ கசிகிறது என்று பொருள், உடனே துண்டி. 120 ஆண்டு ஆகியும் பெரிய டிரான்ஸ்ஃபார்மர்களை இந்தக் கணக்குதான் காக்கிறது.

இன்னொரு வகை, வட்டத் தகடு வைத்த ரிலே. பழைய வீட்டு மீட்டரில் ஒரு அலுமினியத் தட்டு சுற்றுமே, சின்ன வயதில் நீங்கள் எல்லோரும் வேடிக்கை பார்த்திருப்பீர்களே, ஏறக்குறைய அதே ஏற்பாடு. கரண்ட் அதிகமாக அதிகமாகத் தட்டு வேகமாகச் சுற்றும். குறிப்பிட்ட தூரம் சுற்றி ஒரு முனையைத் தொட்டால் பிரேக்கருக்கு உத்தரவு போகும். சென்னை பல்லாவரத்தில் இங்கிலீஷ் எலெக்ட்ரிக் கம்பெனி ஆலையில் இந்த ரகத்தைச் செய்தார்கள். பேத்திக்கு முதல் நாள் கையில் கொடுத்ததும் அப்படி ஒரு பழைய ரிலேதான்.

இதில் மனிதர் தீர்மானித்து வைக்க வேண்டியவை இரண்டு. எவ்வளவு கரண்டுக்கு மேல் போனால் அசைய வேண்டும்? அசைந்த பிறகு எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும்? இதைத்தான் செட்டிங் என்கிறார்கள். வகுப்பில் இரண்டு பிள்ளைகள் சண்டை போட்டால் முதலில் லீடர் விலக்கிவிட வேண்டும். அவனால் ஆகாவிட்டால் வகுப்பு டீச்சர். அதற்கும் மேல் போனால்தான் ஹெட்மாஸ்டர். சின்னச் சண்டைக்கெல்லாம் ஹெட்மாஸ்டர் பிரம்போடு வந்துவிட்டால் பள்ளிக்கூடமே நின்றுபோகும். ரிலேயிலும் அப்படியே. கோளாறுக்குப் பக்கத்தில் இருப்பது முதலில் துண்டிக்க வேண்டும். அதற்கு மேலே இருப்பது, கீழே உள்ளதற்கு வாய்ப்புக் கொடுத்து, சுமார் 0.4 விநாடி பொறுத்துப் பார்க்க வேண்டும். அந்த அரை விநாடிக்கும் குறைவான இடைவெளியை வைப்பதற்குத்தான் இவ்வளவு கணக்கும்.

இனி கதைக்கு வருகிறேன். 1965 நவம்பர் 9, செவ்வாய்க்கிழமை. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், நயாகரா ஆற்றின் கரையில், சர் ஆடம் பெக் என்ற பெயரில் பெரிய நீர்மின் நிலையம். அங்கிருந்து டொரன்டோ பக்கமாக 230 கிலோவோல்ட் லைன்கள் ஐந்து போயின. ஒவ்வொரு லைனுக்கும் முதல் காவலாக ஒரு ரிலே. அது தவறினால் பார்த்துக்கொள்ள, பின்காவலாக இன்னொன்று. ஒரு லைனின் பின்காவல் ரிலேக்கு 375 மெகாவாட் என்று எல்லை வைத்திருந்தார்கள். அந்த லைன் தாங்கக்கூடிய அளவு அதைவிட நன்றாகவே அதிகம். ஆனால் செட்டிங் வைத்தபோது லைனில் போன மின்சாரம் குறைவு. அதனால் அந்த எல்லை அப்போது பொருத்தமாகத்தான் இருந்தது.

காலம் போனது. டொரன்டோ வளர்ந்தது, மின்தேவை கூடியது. அந்த லைனில் போகும் மின்சாரம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி எல்லைக்குப் பக்கத்தில் வந்து நின்றது. ரிலேயின் எல்லை மட்டும் பழைய இடத்திலேயே இருந்தது. கட்டுப்பாட்டு அறையில் வேலை பார்த்தவர்களுக்கு இந்த 375 என்ற எண் தெரியாது என்று பின்னால் விசாரணை அறிக்கை சொன்னது.

அன்று மாலை 5 மணி 16 நிமிடம். குளிர்காலத்தின் தொடக்கம். வீடுகளில் விளக்கும் அடுப்பும் எரிகிற நேரம். லைனில் போன மின்சாரம் ஒரு கணம் லேசாக ஏறி 375-ஐத் தொட்டது. எங்கேயும் கம்பி அறுந்து விழவில்லை, மரம் சாயவில்லை, இடி விழவில்லை. ரிலே தனக்குச் சொல்லி வைத்ததைச் செய்தது. பிரேக்கர் திறந்தது.

அந்த லைன் சுமந்த பாரம் மற்ற நான்கின் தலையில் விழுந்தது. அவற்றாலும் முடியவில்லை. சுமார் இரண்டரை விநாடிக்குள் நான்கும் ஒன்றன்பின் ஒன்றாகத் துண்டிக்கப்பட்டன. தண்ணீர் விழுந்துகொண்டேதான் இருந்தது, ஜெனரேட்டர்கள் சுற்றிக்கொண்டேதான் இருந்தன. வடக்கே போக வழியில்லாத அவ்வளவு மின்சாரமும் திரும்பி, தெற்கே அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்துக்குள் பாய்ந்தது. அங்கே உள்ள லைன்கள் அதைத் தாங்காமல் விலகிக்கொண்டன. ஒன்றாக இருந்த மின்தொகுப்பு துண்டு துண்டாக உடைந்தது. பல துண்டுகளில் தேவைக்கு ஏற்ற உற்பத்தி இல்லை. நிலையங்கள் வரிசையாக நின்றன. முதல் ரிலே அசைந்து பன்னிரண்டு நிமிடத்துக்குள் நியூயார்க் நகரத்தின் பெரும்பகுதி இருண்டது.

சுமார் 3 கோடிப் பேர். 80,000 சதுர மைல். தமிழ்நாட்டின் பரப்பைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல். சில இடங்களில் 13 மணி நேரம் வரை கரண்ட் இல்லை. வேலை முடிந்து வீடு திரும்பும் நேரம் என்பதால் நியூயார்க்கின் சுரங்க ரயில்களில் மட்டும் ஏறத்தாழ 8 லட்சம் பேர் சிக்கிக்கொண்டார்கள். அன்று வானத்தில் முழுநிலவு இருந்ததால் தெருவில் நடந்தவர்களுக்குக் கொஞ்சம் வெளிச்சம் கிடைத்தது.

எங்கே தொடங்கியது என்பதே உடனே யாருக்கும் தெரியவில்லை. சில நாள் தேடிய பிறகுதான் அந்த ஒரு ரிலேக்கு வந்து சேர்ந்தார்கள். அதைக் கழற்றிச் சோதித்திருந்தால் பாஸ் ஆகியிருக்கும். கெட்டுப்போகாத ஒரு கருவியால் 3 கோடிப் பேர் இருட்டில் நின்றார்கள்.

"கெட்டுப்போனா மாத்திட்டுப் போறாங்க" என்று எழுதிய தம்பிக்கு இதுதான் பதில். கெட்டுப்போனதைக் கண்டுபிடிப்பது இந்த வேலையில் பாதி. மீதிப் பாதி, நல்ல நிலையில் இருக்கும் ரிலேக்கு நாம் சொல்லி வைத்தது இன்றைக்கும் பொருந்துகிறதா என்று திரும்பத் திரும்பக் கேட்பது.

அந்த நிகழ்ச்சிக்குப் பிறகு அமெரிக்காவில் பல ஏற்பாடுகள் வந்தன. மின் நிறுவனங்கள் ஒன்று சேர்ந்து நம்பகத்தன்மையைக் கவனிக்க 1968-இல் ஓர் அமைப்பை உண்டாக்கின. ஆனால் பாடம் ஒருமுறை படித்தால் மனத்தில் நிற்குமா? 2003 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவிலும் கனடாவிலும் சுமார் 5 கோடிப் பேருக்கு கரண்ட் போனது. அதற்குக் காரணங்கள் பல. ஆனால் அது கட்டுக்கு அடங்காமல் பரவத் தொடங்கிய இடத்தில், ஒஹாயோவில் ஒரு 345 கிலோவோல்ட் லைனை, கோளாறு எதுவும் இல்லாதபோதே ஒரு ரிலே துண்டித்தது.

2012 ஜூலை 30, நம் நாட்டில். இரவு 2 மணி 33 நிமிடம். பீனா–குவாலியர் 400 கிலோவோல்ட் லைன் துண்டிக்கப்பட்டு வட இந்தியா முழுவதும் இருண்டது. மறுநாள் மதியம் மறுபடியும் நடந்தது. இம்முறை வடக்கு, கிழக்கு, வடகிழக்கு என்று மூன்று மண்டலங்கள். பாதிக்கப்பட்ட மாநிலங்களின் மக்கள்தொகை 60 கோடிக்கும் மேல். தென் மண்டலம் அன்று தனித் தொகுப்பாக இருந்ததால் நாம் தப்பினோம். 2013 கடைசி நாளில் நாமும் அதோடு இணைந்துவிட்டோம். அங்கும் காரணங்கள் பல இருந்தன. பல லைன்கள் ஏற்கெனவே வேலையில் இல்லை, சில மாநிலங்கள் அளவுக்கு மீறி எடுத்தன. ஆனாலும் அந்த லைன் துண்டிக்கப்பட்டபோது அதில் கோளாறு எதுவும் இல்லை என்று விசாரணைக் குழு சொன்னது.

ஏன் இப்படி ஆகிறது? பெரிய லைன்களில் இருப்பது தூர ரிலே. வோல்டேஜையும் கரண்டையும் வகுத்துப் பார்த்து, கோளாறு எவ்வளவு தூரத்தில் என்று கணிக்கும். மூன்றாம் மண்டலம் என்று ஒன்று வைத்திருப்பார்கள். அது ரொம்ப தூரத்துக் கோளாறுக்கு, பொறுமையாக வேலை செய்யும் பின்காவல். லைனில் பாரம் மிக அதிகமாகி வோல்டேஜும் இறங்கிவிட்டால், வகுத்து வரும் விடை தூரத்தில் ஒரு கோளாறு இருப்பதுபோலவே இருக்கும். ரிலே ஏமாந்துபோகும். முதுகு வளையப் பாரம் சுமந்து வருகிறவனைப் பார்த்து மயங்கி விழுகிறான் என்று நினைத்து, தோளில் இருப்பதைத் தட்டிவிடுவது மாதிரி. நாடு முழுவதும் ரிலே செட்டிங்குகளை வெளியாட்களை வைத்துத் தணிக்கை செய்ய வேண்டும் என்று அந்தக் குழு பரிந்துரைத்தது.

1984-இல் அமெரிக்காவில் எட்மண்ட் ஷ்வைட்சர் என்பவர் கணினி வகை ரிலேயை விற்பனைக்குக் கொண்டுவந்தார். வாஷிங்டன் மாநிலத்தில் புல்மன் என்ற சின்ன ஊரில். இன்று எங்கும் அந்த வகைதான். பழையதில் திருக இரண்டே இடம். புதியதில் நூற்றுக்கணக்கான செட்டிங்குகள். பிழை செய்ய அத்தனை இடம் கூடிவிட்டது. அதே புல்மனில் உள்ள பல்கலைக்கழகத்தில் கையால் செய்து கற்கும் ரிலே பள்ளி ஒன்று நடக்கிறது. வேலையில் இருப்பவர்களே வந்து சில நாள் தங்கிக் கற்றுக்கொண்டு போகிறார்கள். நம் பக்கத்தில் நெய்வேலியில் தேசிய மின் பயிற்சி நிறுவனத்தின் வளாகம் இருக்கிறது. மின்வாரியத்தில் மீட்டரையும் ரிலேயையும் சோதிக்கவே எம்.ஆர்.டி. என்று தனிப் பிரிவு உண்டு. லைன்மேனை நாம் பார்த்திருக்கிறோம். இவர்களைப் பார்த்திருக்க மாட்டோம்.

பேத்தி என்ன செய்தாள் என்று சொல்கிறேன். பழைய தட்டு ரிலேயை மேசையில் வைத்து, 1 ஆம்பியருக்கு செட்டிங் வைத்து, சோதனைப் பெட்டியிலிருந்து 2 ஆம்பியர் செலுத்தினாள். கணக்குப்படி 10 விநாடியில் தொட வேண்டும். ஸ்டாப் வாட்சில் பார்த்துக் குறித்தாள். பிறகு 10 ஆம்பியர். இப்போது 3 விநாடி. கொஞ்சம் முன்பின் இருக்கலாம், அதற்கும் ஒரு வரம்பு உண்டு. "அம்மாச்சி, தட்டு சுத்துறப்ப மூச்ச பிடிச்சுக்கிட்டு நின்னேன்" என்றாள். அடுத்த நாள்களில் கணினி ரிலே. மடிக்கணினியைச் செருகி, வரிசையாக செட்டிங் வைத்து, ஒவ்வொன்றையும் சோதித்து எழுத வேண்டும்.

நாலாம் நாள் நடந்ததுதான் முக்கியம். சோதனை செய்யும்போது நிஜமான பிரேக்கர் திறந்துவிடக் கூடாது என்பதற்காக, ரிலேக்கும் பிரேக்கருக்கும் நடுவில் உள்ள டிரிப் லிங்க்கைக் கழற்றி வைப்பார்கள். இவள் கழற்றினாள், சோதித்தாள். எல்லா அளவும் சரி. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். பயிற்சி கொடுத்தவர் ஒன்றும் சொல்லாமல், கோளாறு நடந்தது மாதிரி கரண்டைச் செலுத்தினார். ரிலே அசைந்தது, ஃப்ளாக் விழுந்தது. பிரேக்கர் அப்படியே நின்றது. லிங்க்கைத் திரும்பப் போட மறந்திருக்கிறாள்.

"ரிலே பாஸ். சப்ஸ்டேஷன் எரிஞ்சுபோச்சும்மா" என்றாராம் அவர். திட்டவில்லை. மறுபடியும் முதலிலிருந்து செய்யச் சொன்னார். அன்று இரவு எனக்கு ஃபோன் பண்ணி அழுதாள். இப்போது எந்தச் சோதனைக்கும், கழற்றியதை எல்லாம் முதலில் ஒரு தாளில் எழுதிவிட்டு, போட்டதும் ஒவ்வொன்றாக அடிக்கிறாளாம். புத்தகத்தில் இது ஒரு வரியாக இருந்திருக்கும். படித்துவிட்டுத் தாண்டிப் போயிருப்பாள். அந்தத் தப்பை ஆள் சாகாத ஓர் இடத்தில் செய்துபார்க்கத்தான் நான் பணம் கட்டினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி அந்த முதல் கேள்வி. பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு கரண்டு வேலை?

இதே கேள்வியை 1996-இல் கேட்டவள் நான்தான். இவளுடைய அம்மா பத்தாவதில் நல்ல மார்க். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிக்கல் சேர்கிறேன் என்று விண்ணப்பப் படிவமே வாங்கி வந்துவிட்டாள். வீட்டில் இஸ்திரிப் பெட்டி ரிப்பேர் ஆனால் அவள்தான் பிரித்துப் பார்ப்பாள். நான் அந்தப் படிவத்தை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டினேன். பிளஸ் டூ, பிறகு என்னைப்போலவே ஆசிரியர் பயிற்சி. பெண்ணுக்கு அதுதான் பாதுகாப்பு என்றேன். அவள் எதிர்த்துப் பேசவில்லை. இன்று ஒரு பள்ளியில் நன்றாகத்தான் பாடம் நடத்துகிறாள்.

என் காலத்தில் என் அப்பா எனக்கு வைத்த எல்லை அது. அன்றைக்கு ஒரு பெண் வேலைக்குப் போவதே பெரிது. அவர் வைத்தது அன்றைக்குச் சரிதான். நான் அதை ஒருமுறைகூட எடுத்துப் பார்க்காமல் என் மகளுக்கும் அப்படியே வைத்துவிட்டேன். அந்த நயாகரா ரிலேயைப் பற்றிப் படித்த அன்று எனக்கு வந்த முதல் நினைப்பு இதுதான். அதனால்தான் பேத்தி கேட்டபோது மறுபேச்சு பேசவில்லை. மகளிடம் இதை நேரில் சொல்ல வாய் வரவில்லை. அவளும் இந்தப் பதிவைப் படிப்பாள்.

ஆபத்தான வேலைதானே என்றால், ஆமாம், ஆபத்தான வேலைதான். அதனால்தான் முறையாகக் கற்றுக்கொண்டு போக வேண்டும்.

கடைசியாக, பழைய வழக்கப்படி வீட்டுப்பாடம். உங்கள் வீட்டு மெயின் பெட்டியில் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா பாருங்கள். வீட்டுக்குள் போகும் கரண்டையும் திரும்பி வரும் கரண்டையும் ஒப்பிடுவது அது. பஸ்ஸில் பிள்ளைகளை எண்ணும் அதே கணக்கு. பெரும்பாலும் 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தாலே துண்டித்துவிடும் வகைதான் வீடுகளில் இருக்கும். ஷாக் அடித்தால் உயிரைக் காப்பது அதுதான். அதில் 'டி' என்ற எழுத்தோடு ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். கரண்ட் இருக்கும்போது அதை அழுத்தினால் சட்டென்று விழ வேண்டும். விழுந்தால் மேலே தூக்கிவிட்டுவிடலாம். விழவில்லை என்றால் அது சும்மா சுவரில் இருக்கிறது என்று பொருள். எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், நீங்களே திறக்க வேண்டாம். அந்தப் பெட்டியே இல்லை என்பவர்கள் முதலில் ஒன்று மாட்டச் சொல்லுங்கள்.

எங்கள் வீட்டில் மாட்டி ஒன்பது வருடம். ஒருநாளும் அழுத்திப் பார்த்ததில்லை. போன வாரம் பேத்தி அழுத்தினாள். விழவில்லை. மறுநாளே மாற்றிவிட்டோம்.

அழுத்திப் பார்த்தவர்கள் விழுந்ததா இல்லையா என்று கீழே எழுதுங்கள். திருத்தி மார்க் போடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்